பழைய மாணவர் கௌரவிப்பு: நீங்கள் சந்தித்தவர்களைப் பற்றி எழுதுங்கள்

அக்கராயன் பெடியன்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கம் இந்த முறையும் பரிசளிப்பு விழாவோடு சேர்த்துப் பழைய மாணவர்களைக் கௌரவிக்கப் போகிறது. இரண்டு பிரிவு வைத்திருக்கிறோம். தொழிலில் சாதித்தவர்கள் ஒரு பிரிவு, தொண்டில் நின்றவர்கள் மற்றது. முதல் பிரிவுக்குப் பெயர்கள் ஒரே கூட்டத்தில் நிரம்பிவிட்டன. வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர், நிர்வாக சேவை என்று பெரிய பட்டியல். இரண்டாவதுக்குப் பெயர் கேட்டால் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்க்கிறோம். தொண்டு செய்தவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அவர்களுடைய பெயர்தான் எந்த இடாப்பிலும் இல்லை.

சென்ற முறை நடந்ததைச் சொல்கிறேன். கௌரவம் பெறுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் அனுப்பியிருந்தோம். படித்த ஆண்டுகள், பட்டம், பதவி, அப்புறம் கடைசியில் ‘உங்களுக்குக் கற்பித்த ஆசிரியர்கள்’. சத்திரசிகிச்சை நிபுணராக இருக்கும் ஒருவர் அந்த இடத்தில் ஒரேயொரு பெயரை மட்டும் எழுதியிருந்தார். அதிபரின் அலுமாரியில் மிஞ்சியிருந்த பழைய பதிவுகளை எல்லாம் கிளறினோம். அப்படி ஓர் ஆசிரியர் எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்ததாகவே இல்லை. கடைசியில் அவருக்கே அழைப்பு எடுத்தோம். “அவ ரீச்சராக இருந்தவ இல்லை. எங்களை விட அஞ்சாறு வயது மூத்த அக்கா. 96இல கிளிநொச்சி இடம்பெயர்ந்து நாங்கள் அக்கராயனுக்கு வந்தபோது அவ உயர்தரம் எழுதி முடிச்சிருந்தா. எங்களுக்குக் கணக்குப் படிப்பிக்க ஆளில்லை. அவ வந்து நின்றா” என்றார்.

ஜெயபுரத்தில் இருக்கிறா என்று கேள்விப்பட்டுப் போனோம். முன்பள்ளி ஒன்று நடத்துகிறா. பிள்ளைகள் வீட்டுக்குப் போன நேரம், சின்னக் கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு நின்றா. விஷயத்தைச் சொன்னதும், “நான் எந்தப் பட்டியலில வருவன் தம்பி? எனக்கு நியமனமும் இல்லை, பென்சனும் இல்லை. பழைய மாணவி என்று வேண்டுமெண்டால் போடுங்கோ” என்றா.

பழைய மாணவி என்றுதான் போட்டோம். அவ சொன்ன விபரங்களையே மேடையில் வாசித்தோம். ஓலைக் கொட்டிலில் கரும்பலகை கிடையாது. உடைந்த கதவுப் பலகை ஒன்றில் கரியையும் ஊமத்தை இலைச் சாற்றையும் சேர்த்து அரைத்துப் பூசிக் காயவிட்டு எடுத்திருக்கிறார்கள். மண்ணெண்ணெய்க்குத் தடை இருந்த காலம். பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு எரிக்கும் ஜாம் போத்தல் விளக்கு, அதைச் சுற்றி நான்கு ஐந்து பிள்ளைகள். யாழ்ப்பாணத்திலிருந்து யாரோ கொண்டுவந்த பழைய பரீட்சைத் தாள் ஒன்றைப் பிள்ளைக்கு ஒன்றாகக் கையால் எழுதிப் பிரதி எடுத்ததும் அவதான். விரல் வீங்கினால் தம்பியைப் பிடித்து எழுதுவித்தாவாம்.

அதிலிருந்து எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. வன்னியில் தொண்டு செய்தவர்களைத் தனியாகத் தேடிப் பிடிக்க முடியாது. தொழிலில் உயர்ந்து நிற்பவரிடம் போய், “உன்னைத் தூக்கிவிட்டது யார்?” என்று கேட்க வேண்டும். அங்கேதான் அந்தப் பெயர் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் என்ன மாதிரி நடக்கிறது? யாரைக் கௌரவித்தார்கள், நீங்கள் யாரைச் சந்தித்தீர்கள்? விபரமாக எழுதுங்கள்.

கண்டாவளை ரீச்சர்:

நல்ல விஷயம் தொடங்கியிருக்கிறீர்கள் தம்பி. நான் சொல்ல வருவது 2018 மார்கழி வெள்ளத்தில் கண்ட ஒரு பிள்ளையைப் பற்றி. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தபோது எங்கள் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூட மேல்மாடியில் சனம் வந்து தங்கியது. சமையலுக்குப் பழைய மாணவர்கள் வந்து நின்றார்கள். அதில் வங்கியில் வேலை செய்யும் ஒரு பிள்ளை, எங்களிடம் படித்தவள்.

தண்ணீர் வடிந்த பிறகு எல்லோரும் சேற்றைக் கழுவிக்கொண்டிருக்க, இவள் நூலக அறைக்குள் போனாள். அடித்தட்டுப் புத்தகம் எல்லாம் ஊறிக் கிடந்தது. நாங்கள் அவற்றைக் கழிவுக்குக் கொடுப்பதாகவே நினைத்திருந்தோம். அவள் விடவில்லை. முதலில் வழுவழுப்பான தாளில் அச்சடித்த புத்தகங்களைப் பிரித்தெடுத்தாள். அவை ஒட்டிக் காய்ந்தால் பிறகு பிரிக்கவே ஏலாது, ஆனபடியால் அவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றாள். மற்றவற்றை நிமிர்த்தி வைத்து, ஒற்றைகளை விசிறி போல விரித்து, இடையிடையே பழைய பேப்பர் செருகினாள். வெயிலில் வைக்கவும் விடவில்லை. மட்டை வளைந்துவிடுமாம். விறாந்தை நிழலில் வாங்குகளைப் போட்டு, நனைந்த பேப்பரை எடுத்து எடுத்துப் புதிதாகச் செருகிக்கொண்டே இருந்தாள். பின்னேரம் ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இதெல்லாம் எங்கே படித்தாய் என்று கேட்டேன். “நூலக மாணவத் தலைவியாக இருக்கேக்க நூலகர் சொல்லித் தந்தவ, ரீச்சர்” என்றாள்.

பிறகு அவளைக் கௌரவித்தபோது அறிமுகத்தில் ‘உதவி முகாமையாளர்’ என்று மட்டுமே எழுதியிருந்தார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. புத்தகக் கதையையும் சேர்க்கச் செய்தேன். பதவியை எல்லாரும் விசிட்டிங் கார்ட்டில் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகள் கேட்க வேண்டியது மற்றதை.

மல்லாவி அண்ணை:

இரண்டு பதிவையும் வாசித்தேன், சந்தோஷம். ஆனால் ஒரு குறை சொல்ல வேண்டியிருக்கிறது. நான் போன பல விழாக்களில் அரைவாசி நேரம் பொன்னாடைக்கும் மாலைக்கும் போய்விடுகிறது. பிரதம விருந்தினருக்கு, சிறப்பு விருந்தினருக்கு, கௌரவ விருந்தினருக்கு, அவர்களை அழைத்து வந்தவர்களுக்கு. கௌரவம் பெற வந்தவரின் பெயர் வரும்போது மதியம் ஒன்றரை மணி. பிள்ளைகளுக்குப் பசி, வெயில், தலைசுற்று. அவர் இரண்டு வசனம் பேசுவதற்குள் அறிவிப்பாளர் கிட்டப் போய் நின்றுவிடுவார். அவரை முதலில் பேச விடுங்கள். மற்றவர்களுக்கு ஒரு கும்பிடு போதும், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

செட்டிகுளம்:

எனக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வவுனியாப் பக்கம் வந்து குடியேறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. காடு வெட்டி, கிணறு தோண்டி, முதல் விதைப்பு விதைக்கும்வரை எங்களுக்குக் கைகொடுத்தது காந்தியம் என்ற தொண்டு அமைப்பு. அதை நடத்தியவர்கள் கட்டடக் கலைஞர் டேவிட் ஐயா, வைத்தியர் இராஜசுந்தரம். இருவருக்கும் கையில் நல்ல தொழில் இருந்தது. வசதியாக இருந்திருக்கலாம். அவர்கள் ஊர் ஊராக முன்பள்ளி திறந்தார்கள். என் தங்கைச்சிமார் அ, ஆ எழுதப் பழகியது அப்படி ஒரு முன்பள்ளியின் மண் தரையில்தான். 1983இல் இருவரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த யூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் இராஜசுந்தரம் ஐயாவைக் கொன்றார்கள். தப்பிப் பிழைத்த டேவிட் ஐயா நெடுங்காலம் இந்தியாவில் இருந்துவிட்டு, கடைசியில் 2015இல் கிளிநொச்சியில் காலமானார். ஆகவே தொழில் ஒரு பக்கம், தொண்டு ஒரு பக்கம் என்று பிரித்துப் பரிசு கொடுப்பதை என் மனம் ஏற்பதில்லை. எங்களைக் காப்பாற்றியவர்கள் இரண்டையும் ஒன்றாகச் செய்தவர்கள்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒரு தாதிய உத்தியோகத்தரைக் கௌரவித்தார்கள். எங்களைப் போலத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். ஓய்வு நாளில் வீட்டில் இருக்க மாட்டா. ஸ்கூட்டியில் பிரஷர் பார்க்கும் கருவியையும் சீனி பார்க்கும் கருவியையும் கட்டிக்கொண்டு உள்ளூர்களுக்குப் போவா. நடக்கமுடியாத கிழவிகளின் வீட்டு வாசலில் பாய் போட்டு உட்கார்ந்து பார்ப்பா. குளிசையைப் பாதியில் நிறுத்தியவர்களைக் கண்டால் ஏசித்தான் கதைப்பா. ஏச்சு வாங்கவென்றே அவவை எதிர்பார்த்திருப்பார்கள்.

விழாவன்று அந்த ஊர்ச் சனம் உழவு மெசின் பெட்டியில் ஏறி வந்து இறங்கியது. பள்ளிக்கூட விழா என்று எந்தக் காலத்திலும் வராத சனம். அறிவிப்பாளர் அவவின் குடும்பத்தைப் பற்றி ‘விவசாயக் குடும்பம்’ என்று வாசித்தார். அவ ஒலிவாங்கியை வாங்கி, “எங்களுக்கு வயல் இருந்ததில்லை. அம்மா மற்றவர்களின் வயலில் நாற்று நட்டுக் கூலி வாங்கித்தான் என்னைப் படிப்பிச்சவ. அதைச் சரியாகச் சொல்லுங்கோ” என்றா. அந்த அம்மா முன்வரிசையில் இருந்தா. அவவை மேடைக்குக் கூப்பிட்டதும் உழவு மெசினில் வந்த சனம் முழுக்க எழும்பி நின்றது.

ஸ்காபரோவிலிருந்து:

நான் ஊரை விட்டு வந்து நெடுநாள். எங்கள் பாடசாலையின் கனடாக் கிளையில் இருக்கிறேன். வெளிநாட்டில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன், யாரும் தவறாக எடுக்க வேண்டாம். நாங்கள் பணம் சேர்த்து அனுப்புகிறோம், கட்டடத்துக்கோ கணினிக்கோ சத்துணவுக்கோ. அது எங்கள் கடமை. ஆனால் பணம் அனுப்பியதற்காக ஒருவரை ‘தொண்டு’ப் பிரிவில் கௌரவிக்கும் வழக்கம் சில இடங்களில் வந்துவிட்டது. அதை நிறுத்துங்கள். கொடையாளிக்கு நன்றிக் கடிதம் எழுதுங்கள், கல்லில் பெயர் போடுங்கள், அது வேறு. பங்கருக்குப் பக்கத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தவளின் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர் வருவது நியாயமில்லை.

எங்களிடம் அப்படிக் கேட்டு வந்தபோது, வேண்டாம், அதற்குப் பதிலாகப் படித்த பிள்ளைகளிடம் பெயர் கேட்டுப் போடுங்கள் என்று எழுதி அனுப்பினோம். நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. சென்ற வருடம் அந்த மேடையில் ஏறியவர் பள்ளிக்கூடத்துக்கு எதிரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பழைய மாணவர். தூரத்தில் இருந்து வரும் பிள்ளைகளின் சைக்கிளுக்கு அவர் ஒட்டுப் போட்டுக் காசு வாங்கியதே இல்லை என்று பிள்ளைகள்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

அறிவியல்நகர் மாணவி:

நான் இங்கே பொறியியல் பீடத்தில் படிக்கிறேன். என் பள்ளிக்கூடம் முல்லைத்தீவு மாவட்டம். பத்தாம் வகுப்பில் இருந்தபோது கௌரவிப்பு விழா மலருக்காக ஒவ்வொரு பழைய மாணவரையும் ஒரு மாணவி போய்ச் சந்தித்து எழுத வேண்டும் என்று ரீச்சர் பிரித்துக் கொடுத்தா. எனக்குக் கிடைத்தவர் கண்ணிவெடி அகற்றும் ஓர் அக்கா. முகமாலைப் பக்கம் வேலை. சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவர், அவரைத் தொழில் பிரிவில் போடுவதா என்று சங்கத்தில் கதை வந்ததாம். ஒரு குழுவுக்கே தலைவியாக இருக்கிறார், அது தொழில் இல்லையா என்று எங்கள் அதிபர் கேட்டாராம். அதோடு பேச்சு முடிந்தது.

அவர் தன் வேலையை எனக்குச் செய்தே காட்டினார். வீட்டு முற்றத்தில் முழங்காலில் இருந்து, கையில் சின்ன விறாண்டியோடு. முன்னுக்குக் கிண்டக் கூடாது. மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் வழித்தெடுக்க வேண்டும். வழித்த மண்ணைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு மறுபடி அதே இடம், இன்னும் கொஞ்சம் ஆழம். முகத்தை முழுக்க மூடும் கண்ணாடிக் கவசம், உடம்புக்குப் பாரமான அங்கி, மேலே பங்குனி வெயில். சிவப்புத் தடி நட்டிருந்தால் அதற்கு அந்தப் பக்கம் இன்னும் துப்புரவாக்காத நிலம். அவசரப்படுகிறவரை அன்றைக்கு வேலையில் விட மாட்டேன் என்றார். “வீட்டில சண்டை பிடிச்சிட்டு வந்தாலும் முகத்தைப் பார்த்தால் தெரிஞ்சிடும். அண்டைக்கு அவவுக்குத் தேத்தண்ணி ஊத்துற வேலை.”

விழாவில் அவர் பேசியது கொஞ்சம்தான். எதைக் கண்டாலும் தொடாதே, கிட்டப் போகாதே, வந்த வழியாலேயே திரும்பிப் போய்ப் பெரியவர்களிடம் சொல். மூன்றையும் எங்களைத் திருப்பிச் சொல்ல வைத்தார். பிறகு, தான் துப்புரவாக்கிக் கொடுத்த காணி ஒன்றில் இப்போது தென்னம்பிள்ளை நிற்கிறது, அந்தக் காணிக்காரர் முதல் இளநீர் வெட்டும்போது கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார் என்றார். எனக்குப் பொறியியல் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த முற்றத்தில்தான் வந்தது. மண்ணுக்குள் இருப்பதை இன்னும் பாதுகாப்பாகக் கண்டுபிடிக்க என்ன செய்யலாம் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

முள்ளியவளை:

தங்கச்சி எழுதியது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. இன்னொன்றையும் இங்கே சேர்க்கிறேன். எங்கள் பிள்ளைகள் வைத்தியராகவோ பொறியியலாளராகவோ வந்தால், ‘கோட்டாவில் போனவர்கள்தானே’ என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழக அனுமதியில் விஞ்ஞானப் பிரிவுகளுக்கு 40 வீதம் நாடு தழுவிய திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. ஆய்வுகூடம் இல்லாமல், பாட ஆசிரியர் இல்லாமல், வருடத்துக்கு ஒரு இடம்பெயர்வோடு படித்தவர்களுக்கு அந்த வாசலாவது இருந்தது. உள்ளே போன பிறகு எல்லோருக்கும் ஒரே பரீட்சைதான். கௌரவிப்பு மேடையில் இதைத் தலை நிமிர்ந்து சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகள் அதைக் கேட்டு வளர வேண்டும்.

புதுக்குடியிருப்பு:

நான் எழுதப்போவது மேடைக்கு வர மறுத்த ஒருவரைப் பற்றி.

2009 ஆவணியில் நாங்கள் உயர்தரம் எழுதியது போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக்பாம் முகாமுக்குள். தறப்பாளுக்குக் கீழே சூடு தாங்காது. புத்தகம் கொப்பி எல்லாம் வழியில் விட்டாயிற்று. எங்களுக்கு ஓர் அண்ணை இரசாயனம் சொல்லித் தந்தார். எங்கள் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர், அவரும் எங்களைப் போல எல்லாவற்றையும் இழந்து வந்தவர்தான். ஆவர்த்தன அட்டவணையை நிவாரணப் பெட்டி மட்டையின் உட்பக்கத்தில் ஞாபகத்திலிருந்தே எழுதிக் கூடாரக் கம்பில் கட்டினார். மீள்குடியேறிய பிறகும் அதே பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியராக நின்றார். சம்பளம் இல்லை. பெற்றோர் சேர்த்துக் கொடுப்பது பெற்றோலுக்கே காணாது. பிறகு நியமனம் கொடுக்கத் தொடங்கியபோது அவருடைய பெயர் வரவில்லை. தொண்டராக வேலை செய்ததற்கு எழுத்தில் அத்தாட்சி கேட்டார்கள். அவரிடம் இல்லை. இப்போது கச்சானும் உழுந்தும் செய்கிறார்.

எங்கள் வகுப்பில் இருந்து பல்கலைக்கழகம் போனவர்கள் எல்லோரும் சேர்ந்து அவரைக் கௌரவிக்க வேண்டும் என்று சங்கத்துக்கு எழுதினோம். நான்தான் போய்க் கேட்டேன். கச்சான் ஆய்ந்துகொண்டிருந்தார். மண்ணைத் தட்டிவிட்டு எழும்பி வந்து, “பொன்னாடை வேண்டாம் தங்கச்சி. எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரைக்கும், என்ன பாடம், எந்த வகுப்பு என்று எழுதி அதிபரின்ர கையெழுத்தோட ஒரு கடிதம் தரச் சொல்லு. அதை என்ர பிள்ளையளுக்குக் காட்ட வேணும்” என்றார்.

நியமனத்துக்கு இனி வயதில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கடிதம்தான் கேட்டார். எங்களிடம் படித்த கொப்பிகள் இல்லை, புகைப்படம் இல்லை. ஆனால் ஆட்கள் இருக்கிறோம். அவரிடம் படித்த ஒவ்வொருவரும் ஆண்டு, பாடம், இடம் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தோம். ஒருவர் நோர்வேயிலிருந்து ஸ்கான் பண்ணி அனுப்பினார். அதிபர் அவற்றைச் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் பதிந்து, கடிதமும் அடித்துக் கொடுத்தார். விழா எதுவும் வைக்கவில்லை. அவருடைய வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். வாசித்துவிட்டு ஒரு வருஷம் பிழையாக இருக்கிறது என்றார். திருத்தி மறுபடி அடித்துக் கொண்டுபோனோம்.

அக்கராயன் பெடியன்:

எல்லோருடைய பதிவையும் அச்செடுத்துக் கொண்டுபோய்ச் செயற்குழுவில் வாசித்தேன். புதுக்குடியிருப்பு அக்கா எழுதியதை அதிபரே இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார்.

சில முடிவுகள் எடுத்தோம். கௌரவம் பெறுபவரின் அறிமுகத்தைப் படித்த பிள்ளைகளே எழுதுவார்கள், பதவி கடைசி வரியில் வரும். மல்லாவி அண்ணை சொன்னபடி அவர்கள் பேசுவது முதலில், காலையிலேயே. விருந்தினருக்குப் பொன்னாடை இல்லை. கொடையாளிகளுக்கு நன்றிக் கடிதம் தனியாகப் போகும். பிரிவு இரண்டாக இருக்க வேண்டுமா என்று செட்டிகுளம் ஐயா எழுப்பிய கேள்விக்கு இன்னும் முடிவு வரவில்லை. எனக்கு அவர் பக்கம்தான் சாய்வு, ஆனால் ஒன்றாக்கினால் பட்டதாரிகளின் பெயரே மறுபடி முன்னுக்கு வந்துவிடும் என்று இளம் உறுப்பினர்கள் பயப்படுகிறார்கள். அதுவும் நியாயமான பயம்தான்.

இன்னொரு பெரிய வேலையும் தொடங்குகிறோம். 1995 இலிருந்து 2012 வரை, அதாவது மெனிக்பாம் மூடும்வரை, எங்கள் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாமல் படிப்பித்த எல்லோருடைய பெயரையும் சேர்த்து ஒரு பதிவேடு. அதிபர் ஒப்புக்கொண்டுவிட்டார். அந்தப் பதிவேட்டில் பெயர் உள்ள ஒவ்வொருவருக்கும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், பாடசாலைக் கடிதத்தாளில் சேவைக் கடிதம் போகும். காலமானவர்களுக்கு அவர்களின் குடும்பத்திடம் கொடுப்போம்.

உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி, தர்மபுரம், விசுவமடு, முகாம்கள், எந்த இடமாக இருந்தாலும் சரி. பெயர், கற்பித்த பாடம், இடம், ஏறத்தாழ எந்த ஆண்டு, அவரிடம் படித்த இருவர். ஆனால் பொதுவில் பெயர் போடாதீர்கள். முதலில் நேரில் போய் அவரிடம் சம்மதம் கேளுங்கள், பிறகு எனக்குத் தனியாக அனுப்புங்கள். மழைக்கு முன்னர் கிடைத்தால் நல்லது. காலபோக விதைப்புத் தொடங்கினால் யாரையும் வீட்டில் பிடிக்க ஏலாது.